24 வோல்ட் பெட்டிக்குப் பச்சை ஒயர் எதுக்கு?

மெகர் மாமா:
லூப்கார்டுன்னு ஒருத்தர் நேத்து எழுதினதைப் படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. "ஃபயர் அலாரம்னா 24 வோல்ட் டிசி. ஹூட்டர் பெட்டி இரும்பா இருந்தாலும் எர்த் வேண்டாம். பச்சை ஒயர் இழுக்கிறவன் பில்லை ஏத்துறவன்." நான் முப்பது வருஷமா பச்சை ஒயர் இழுக்கிறவன். அப்போ நான் பில்லை ஏத்துறவனா?

தம்பி, பெட்டிக்கு எர்த் கொடுக்கிறது உள்ளே ஓடுற 24 வோல்ட்டுக்காக இல்லை. வெளியிலேர்ந்து வந்து ஏறுற கரண்டுக்காக. பக்கத்துல போற மெயின்ஸ் கேபிள் தோல் உரிஞ்சு கண்டியூட்ல, அதான் ஒயர் போற இரும்புக் குழாய்ல, பட்டுச்சுன்னா பெட்டி முழுக்க சப்ளை. எர்த் இருந்தா எம்சிபி விழும். இல்லைன்னா அடுத்து தொடுறவன்தான் எர்த்.

லூப்கார்டு:
என் பேரைப் போட்டதுக்கு நன்றி மாமா. சொன்னதுல பாதியை வெட்டினதுக்கு ரொம்ப நன்றி. "மெயின்ஸ் கூடவே போகாத தனி ரூட்"னு முதல் வரியிலயே எழுதியிருந்தேன். அமெரிக்க ஒயரிங் விதிநூல் என்இசி, அதுல 250.112-ஐப் பிரிச்சுப் பாருங்க. 50 வோல்ட்டுக்குக் கீழே வேண்டாம்னு அச்சுல இருக்கு.

அப்புறம் எம்சிபி எப்படி விழும்? எம்சிபிங்கிறது மேனுவல் கால் பாயிண்ட் (MCP), தீ பிடிச்சா கண்ணாடியை அமுக்க சுவத்துல இருக்கிற சிவப்புப் பெட்டி. ஆணி பிடுங்கினா வேணா விழும்.

மெகர் மாமா:
நான் சொன்ன எம்சிபி MCB, ஃபால்ட் வந்தா சப்ளையை வெட்டுற பிரேக்கர். நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே பிரேக்கர்.

250.112-ஐ எனக்கே காட்டுறியா? 50 வோல்ட் விலக்கு முதல் வாக்கியத்துல இருக்கு. அது கிளாஸ் 1-னு அந்த நூல் தனியா பிரிச்சு வச்சிருக்கிற சர்க்யூட்டுக்கு. ஃபயர் அலாரம் வர்றது ரெண்டாவது வாக்கியத்துல. அங்கே 50 வோல்ட்ங்கிற பேச்சே கிடையாது. பாதி வாக்கியம் படிக்கிறவன் பாதி ஒயரிங்தான் பண்ணுவான்.

லூப்கார்டு:
ரெண்டாவது வாக்கியத்தை நீங்க பாதியில நிறுத்திட்டீங்களே. சிஸ்டத்துக்கே எர்த் கட்டாயம்னு இருக்கிற இடத்துலதான் பெட்டிக்கும் எர்த்ங்குது அது. அலாரம் பேனல்லேர்ந்து வர்ற 24 வோல்ட் டிசிக்கு அந்தக் கட்டாயம் எங்கே இருக்கு? வரி எண் சொல்லுங்க, ஒத்துக்கிறேன்.

பச்சைமண்:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். எர்த்திங் வேற, பாண்டிங் வேற. மண்ணோட இணைக்கிறது எர்த்திங். இரும்பையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, ஃபால்ட் கரண்ட் சப்ளைக்கே திரும்பிப் போக வழி பண்றது பாண்டிங். பிரேக்கரை விழவைக்கிறது பின்னது. லூப்கார்டு சர்க்யூட்டுக்கு எர்த் வேண்டாம்ங்கிறார், மாமா பெட்டிக்கு வேணும்ங்கிறார். எதைப் பத்திச் சண்டைன்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்களேன்.

மெகர் மாமா:
பாடம் எடுக்காதீங்க சார். 50 வோல்ட் வாக்கியம் ஃபயர் அலாரத்துக்கு இல்லை. இல்லவே இல்லை.

நைட்ஷிஃப்ட்:
அண்ணே, நான் புதுசு. ஹூட்டர் பெட்டி எல்லாத்துக்கும் போன வாரம்தான் பச்சை ஒயர் கொடுத்தோம். அன்னையிலேர்ந்து பேனல்ல எர்த் ஃபால்ட் லைட் எரியுது. என்ன பண்றது?

லூப்கார்டு:
பார்த்தீங்களா மாமா! பச்சை ஒயர் கொடுத்தாங்க, ஃபால்ட் வந்துச்சு. இனி என்ன சாட்சி வேணும்?

மெகர் மாமா:
அட அறிவாளி, ஃபால்ட் அன்னைக்கு வரலை. அன்னைக்குத்தான் *தெரிஞ்சுது*. மூடி ஸ்க்ரூவுல ஒயர் நசுங்கிப் பெட்டியைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. அந்த ஒயரிங் ப்ளஸ்ஸும் எர்த் இல்லாம, மைனஸும் எர்த் இல்லாம மிதக்குற ஒயரிங். ஒரு ஒயர் எர்த்தைத் தொட்டா வேலை நிக்காது, அதனாலதான் பேனல் காவல் காத்து லைட் போடுது. 200 விநாடிக்குள்ள டிரபுள் காட்டணும்னு என்எஃப்பிஏ 72, அதான் அமெரிக்க ஃபயர் அலாரம் விதிநூல், கேட்குது. முதல் ஃபால்ட்டை விட்டுட்டு அடுத்த ஒயரும் வேற இடத்துல தொட்டுச்சுன்னா அப்புறம் ஷார்ட்தான், ஹூட்டர் கத்தாது. உன் எர்த் இல்லாத பெட்டி முதல் ஃபால்ட்டை மூடி மறைச்சு வச்சிருந்துச்சு. இதுக்கு 50 வோல்ட் விலக்கு வேறயா?

லூப்கார்டு:
"நசுங்கியிருக்கு"ன்னு இங்கிருந்தே பார்த்துட்டீங்களா? பச்சை ஒயரை விடுங்க, கேபிளைச் சுத்தி இரைச்சலைத் தடுக்கிற ஷீல்டுன்னு ஒரு உறை இருக்கே, அதோட சேர்ந்து ஓடுற டிரெயின் ஒயரைப் பேனல் முனையில மட்டும் எர்த் பண்ணணும். பச்சை ஒயர் பைத்தியத்துல ஒவ்வொரு பெட்டியிலயும் முறுக்கிவிட்டா இரைச்சல் எல்லாம் லூப்புக்குள்ள வரும்.

மெகர் மாமா:
ஷீல்டை யாருய்யா கேட்டா? டிரெயினைப் பெட்டியில படாம ஸ்லீவ் போட்டுத் தொடர்ச்சியா கொண்டுபோகணும்னு உனக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போ எனக்கே திருப்பிச் சொல்றே.

லூப்கார்டு:
நீங்க சொல்லிக் கொடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. டிடெக்டரைக் கழட்டாம, அதெல்லாம் கோர்த்திருக்கிற லூப் ஒயர்ல 500 வோல்ட் மெகர், அதான் இன்சுலேஷன் டெஸ்டர், போட்ட கதையும் ஞாபகம் இருக்கு. பேரே அப்படித்தானே வந்துச்சு?

மெகர் மாமா:
ஆறு டிடெக்டர்தான் போச்சு. அதுவும் பேஸை விட்டு எல்லாத்தையும் இறக்கிட்டேன்னு ஹெல்பர் சொன்னதை நம்பி. அதுக்கும் 50 வோல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பச்சைமண்:
நைட்ஷிஃப்ட் தம்பி, இவங்க நிறுத்த மாட்டாங்க. பேனல்ல ஹூட்டர் சர்க்யூட்டை ஒவ்வொண்ணா கழட்டுங்க. எதைக் கழட்டும்போது லைட் அணையுதோ அதுதான். அப்புறம் அந்த ஒயரிங்கைப் பாதியில பிரிச்சு, கேபிளுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாருங்க. மெகர் வேண்டாம்.

மெகர் மாமா:
"மெகர் வேண்டாம்"னு என்னைக் குத்துறீங்களா சார்?

நைட்ஷிஃப்ட்:
நன்றிண்ணே. மூணாவது சர்க்யூட்டைக் கழட்டினா லைட் அணையுது. அதுல எம்சிபி எதுவும் இல்லை.

லூப்கார்டு:
எந்த எம்சிபி?

மெகர் மாமா:
பிரேக்கர்தான். அதை விடு, ரெண்டாவது வாக்கியத்தை இன்னும் நீ முழுசா படிக்கலை. 50 வோல்ட் அங்கே எங்கே இருக்குன்னு காட்டு. வேலைக்குப் போயிட்டு வந்து மீதியை எழுதுறேன்.