மறு: சைட்டேஷன், இம்பாக்ட் ஃபேக்டர் – ‘சுட்டுகை’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

செல் உயிரியல் அறிஞர் யோஷினோரி ஒசுமியின் ஆய்வுப் பட்டியலைத் தமிழில் எழுதும்போது சைட்டேஷனுக்கு (ஓர் ஆய்வுக் கட்டுரை இன்னொன்றைக் குறிப்பிட்டுக் காட்டுவது) ‘மேற்கோள்’, இம்பாக்ட் ஃபேக்டருக்கு (ஆய்விதழை அளக்கும் ஓர் எண்) ‘தாக்கக் காரணி’ என்று போட்டால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது என்பதே என் கருத்து.

மேற்கோள் என்றால் ஒருவர் எழுதியதை அப்படியே எடுத்து எழுதுவது என்றுதான் இன்றைக்குப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். செல் உயிரியல் கட்டுரைகளில் அது மிக அரிது. ஒரு செய்தியைத் தம் சொல்லில் எழுதிவிட்டு, இது இன்னாருடைய கட்டுரையில் இருக்கிறது என்று பக்கத்தில் ஓர் எண்ணையோ பெயரையோ போட்டுக் காட்டுவார்கள், அவ்வளவுதான். பொருளை எடுப்பது வேறு, சொல்லை எடுப்பது வேறு என்பது நமக்குப் புதிதல்ல. ‘முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும்’ என்று நன்னூல் பாயிரம் இரண்டையும் பிரித்தே சொல்கிறது. தொல்காப்பியத்தின் ‘என்மனார் புலவர்’ (புலவர்கள் இப்படிச் சொல்வார்கள்) பொருளை மட்டும் எடுக்கும் முதல் வகை. சைட்டேஷனும் அதுவே.

அதனால் ‘சுட்டுகை’ என்கிறேன். மறுப்பதற்காகவும் ஒரு கட்டுரையைச் சுட்டலாம். மேற்கோளில் இருக்கிற ஆதரவுத் தொனி இதில் இல்லை. சுட்டிய கட்டுரை, சுட்டப்பட்ட கட்டுரை, சுட்டுகை எண்ணிக்கை என்று சொற்கள் தாமாகவே வரும். துப்பாக்கியும் தோசையும் நினைவுக்கு வருமே என்ற கவலை வேண்டாம். ‘சுட்டிக்காட்டினார்’ என்று தினமும் எழுதுகிறோம், யாரும் குழம்புவதில்லை. இன்டெக்ஸுக்குச் ‘சுட்டெண்’ என்று சிலர் எழுதுவதுதான் இடிக்கும். விலைவாசிக்கு வழங்கும் ‘குறியீட்டெண்’ணை அங்கே வைத்துக்கொள்வோம்.

அடுத்தது தாக்கக் காரணி. இதை நான் விடாப்பிடியாக எதிர்ப்பேன்.

ஒசுமியின் பட்டியலையே பாருங்கள். செல் தன் பாகங்களையே தின்று செரித்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜிக்குத் தேவையான மரபணுக்களை ஈஸ்ட்டில் தேடி, அது நடக்காத 15 திரிபு வகைகளைப் பிரித்துக்காட்டிய கட்டுரை 1993இல் ‘ஃபெப்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. இரண்டே ஆசிரியர்கள்: ஒசுமியும் அவருடைய மாணவி மிகி ட்சுகடாவும். பெரிய பேர் பெற்ற இதழ் அல்ல. 2016இல் அவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தபோது அடிப்படையாகக் காட்டப்பட்ட வேலைகளில் இது முக்கியமானது.

இம்பாக்ட் ஃபேக்டர் எப்படி வருகிறது? ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் எத்தனை முறை சுட்டப்பட்டன என்று கூட்டி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அப்படியானால் 1993 கட்டுரையின் சுட்டுகைகளில் 1994, 1995 ஆண்டுகளில் வந்தவை மட்டுமே இதழின் கணக்கில் ஏறும். ஈஸ்ட் மரபணுக்களுக்கு இணையானவை பாலூட்டிகளிலும் இருப்பது தெரிந்து, இந்தத் துறை சூடுபிடித்தது 90களின் கடைசியில்தான். அப்புறம் வந்து குவிந்த சுட்டுகைகளில் ஒன்றுகூட அந்த எண்ணுக்குள் போகாது. இதைத் ‘தாக்கம்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வெறும் சராசரி இது. ‘இதழ்ச் சுட்டுகைச் சராசரி’ என்றே சொல்வோம். படிப்பவருக்கு எதை எண்ணுகிறார்கள் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

எண்ணிக்கை கூடினால் கண்டுபிடிப்பு பெரியது என்றும் ஆகாது. புரத அளவைக் கண்டறியும் முறையை விளக்கிய உயிர்வேதியியலாளர் லோரியின் 1951 கட்டுரை 3 லட்சம் தடவைக்கு மேல் சுட்டப்பட்டிருக்கிறது. ஒசுமியின் ஆய்வகத்திலிருந்து 2000இல் ‘எம்போ ஜர்னல்’ இதழில் வந்த எல்சி3 புரதக் கட்டுரையும் இப்படித்தான்: ஆட்டோஃபேஜியை அளக்க அந்தப் புரதத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அதைச் சுட்டுகிறார்கள். கருவியாகப் பயன்பட்டதற்கும் சுட்டுகை, கருத்தாகப் பயன்பட்டதற்கும் சுட்டுகை. சொல் இரண்டுக்கும் பொதுவாக நிற்க வேண்டும்.

இதழின் எண்ணை வைத்து ஆளை அளக்காதீர்கள் என்று முதலில் கூட்டாகக் குரல் கொடுத்தவர்களில் செல் உயிரியலாளர்களும் உண்டு. அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் 2012 டிசம்பர் மாநாட்டை ஒட்டி உருவானதுதான் சான் பிரான்சிஸ்கோ அறிக்கை. வேலைக்கு எடுப்பதும் பதவி உயர்வும் நிதியும் இந்த எண்ணைப் பார்த்து முடிவாகக் கூடாது என்பது அதன் சாரம். அதைத் தமிழில் எழுதும்போது ‘தாக்கக் காரணியை நம்பாதீர்கள்’ என்றால் விளங்காது. ‘இதழின் சுட்டுகைச் சராசரியைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடாதீர்கள்’ என்றால் காரணமும் கூடவே வந்துவிடுகிறது.

ஓர் ஆய்வாளரின் சுட்டுகைகளை அளக்கும் எச்-இன்டெக்ஸ் ‘எச் குறியீட்டெண்’ணாகவே இருக்கட்டும். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் அந்தப் பெயரில்தான் அதை முன்வைத்தார், மாற்ற வேண்டாம். ஒருவருக்கு எச் 20 என்றால், ஒவ்வொன்றும் 20 முறையாவது சுட்டப்பட்ட 20 கட்டுரைகள் அவரிடம் உண்டு.

இரண்டு சொற்களில் உங்கள் கருத்து வேண்டும். தன் கட்டுரையைத் தானே சுட்டுவதற்குத் ‘தற்சுட்டுகை’ என்று வைத்திருக்கிறேன், தற்சார்பு போல. இரண்டு கட்டுரைகள் மூன்றாவது ஒன்றில் சேர்ந்தே சுட்டப்படுவதற்கு ‘உடன்சுட்டுகை’யா, ‘இணைச்சுட்டுகை’யா? எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது.

அன்புடன்.