ராமாயணம் ட்ரெய்லருக்குக் காத்திருக்கோம்: உங்க தோட்டத்துல சாமி படம் பாத்த அனுபவத்தச் சொல்லுங்க

ஊத்தான் மெலிந்தாங் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். 2026 தீபாவளிக்கு முதல் பாகம், 2027 தீபாவளிக்கு ரெண்டாம் பாகம்னு 2024 நவம்பர்ல அறிவிச்சாங்க பாருங்க, அதுலேர்ந்து இங்க மலேசியா, பேராக்ல எங்க தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) இதே பேச்சுதான். நித்தேஷ் திவாரி டைரக்‌ஷன், ரன்பீர் கபூர் ராமர், யஷ் ராவணன், சன்னி டியோல் அனுமார், மியூசிக் நம்ம ரஹ்மானும் ஹான்ஸ் சிம்மரும். நெட்டுல எல்லாரும் யாரு பொருத்தம் யாரு பொருத்தமில்லன்னு சண்ட போட்டுக்கிட்டிருக்காங்க, எனக்கு அதுல எல்லாம் மனசு போகல, எனக்கு எங்க பாட்டி இந்தப் படத்த பெரிய திரையில பாக்கணும், அவ்ளோதான்.

2025 ஜூலை 3ஆம் தேதி அறிமுக வீடியோ விட்டாங்கல்ல, அன்னைக்கு சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் கைப்பேசில இருந்து டிவிக்குப் போட்டுவிட்டேன். பாட்டி அப்பதான் சாமி விளக்கு ஏத்திட்டு வந்து உக்காந்துச்சு. ஆரம்பத்துல பிரம்மா விஷ்ணு சிவன்னு அனிமேஷன்ல வருது பாருங்க, உடனே ரெண்டு கையயும் கூப்பிக் கும்பிட்டுச்சு, வீடியோ முடியிற வரைக்கும் இறக்கவே இல்ல. ராமர் மரத்துலேர்ந்து பாஞ்சு அம்பு விடுற இடத்துல வாயத் தொறந்து "ராமா"ன்னுச்சு. முடிஞ்சதும் மொதல் கேள்வி என்ன தெரியுமா, "சீதை எங்கடா?" அதுல சீதையக் காட்டலையே, ட்ரெய்லர்ல வரும் பாட்டின்னு சொல்லி வச்சேன். அன்னைலேர்ந்து நான் மோட்டார நிப்பாட்டுற சத்தம் கேட்டா போதும், "சீதை வந்துட்டாளா?"ன்னு உள்ளேர்ந்து குரல் வரும். சாய் பல்லவி கோத்தகிரிப் பொண்ணு பாட்டி, நல்லா தமிழ் பேசும்னு சொன்னேன், அதுக்கு அவ்ளோ சந்தோசம்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயசுலேர்ந்து பால்மரம் வெட்டுனது, கித்தாவ (ரப்பர் மரத்த) அழிச்சு செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டப்புறம் உதிரிப் பழம் பொறுக்குனது, இதுதான் அதோட வாழ்க்கை. ஆனா ராமாயணத்த எங்க கேட்டாலும் சொல்லும். எப்படின்னா மார்கழி பஜனைல கேட்டது, அப்புறம் கிராணி (தோட்டத்து குமாஸ்தா) வீட்டுல வீடியோ டேப்ல பாத்தது. 1987ல தூர்தர்ஷன்ல ஓடுச்சே ராமானந்த் சாகர் ராமாயணம், 78 வாரக் கதை, அது டேப்பா இங்க வந்து வீடு வீடா சுத்துச்சு. முழுக்க ஹிந்தி, இங்க யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது, கதை தெரியும்ல அது போதும்னு ராத்திரி ராத்திரி போயி உக்காந்திருக்காங்க. அதுல ராமரா வந்த நடிகர் அருண் கோவில் இந்தப் படத்துல தசரதரா நடிக்கிறாராம். இத பாட்டிகிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப மகன காட்டுக்கு அனுப்புற வேதனை அந்த ஆளுக்கு நல்லா தெரியும்"னுச்சு. எந்த விமர்சகரும் இப்படி ஒரு வரி எழுதல, நெசமாத்தான் சொல்றேன்.

பக்கத்து வீட்டுல தெலுங்குக் குடும்பம். இந்த பாகான் டத்தோ வட்டாரத்துல தெலுங்குக்காரங்க நெறைய பேரு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும், ராம நவமி வந்தா பானகமும் ஊறவச்ச பாசிப்பருப்பும் லயம் முழுக்க வந்துடும், மாரியம்மன் திருவிழான்னா அவங்கதான் முன்னாடி நிப்பாங்க. அந்த வீட்டுத் தாத்தா சொல்லிட்டாரு, ட்ரெய்லர் வந்தா ஒன் கைப்பேசில தனியா பாக்கக்கூடாது, கோவில் மண்டபத்துல புரொஜெக்டர் போட்டு எல்லாரும் ஒண்ணா பாக்கணும்னு. பசங்களும் சரின்னுட்டாங்க. படம் வர்றதுக்கு முன்னாடி புரட்டாசி வேற வருது, எப்படியும் சைவம்தான், விரதம் முடிச்ச கையோட ராமர் படம்னு பெண்டுங்க எல்லாம் இப்பவே முடிவு பண்ணிட்டாங்க.

உங்க தோட்டத்துல எப்படி? முன்ன சாமி படம் பாத்தவங்க இருந்தா சொல்லுங்க, நான் பாட்டிக்குப் படிச்சுக் காட்டணும்.

பாகான் டத்தோ பெரியவர்:

தம்பி நீங்க எழுதுனத படிச்சு எனக்கு பழசெல்லாம் வந்துடுச்சு. நான் பாத்தது 1958ல வந்த சம்பூர்ண ராமாயணம், ஆனா எங்க தோட்டத்துக்கு வந்தது பல வருசம் கழிச்சு, நான் ஆரம்பப் பள்ளியில படிச்ச காலம். என் டி ராமராவ் ராமர், பத்மினி சீதை, சிவாஜி பரதன். அப்ப தியேட்டர் எல்லாம் போக முடியாது, தெலுக் இந்தானுக்கு அப்ப தெலுக் ஆன்சன்னு பேரு, பஸ்சு காசே பெருசு. சம்பளம் போட்ட வாரத்துல தோட்டத்துல படம் போடுவாங்க, வேன்ல மெசினு வரும், திடல்ல ரெண்டு கோல் கம்பத்துக்கு நடுவுல வெள்ளத்துணி கட்டுவாங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கே பிள்ளைங்க சாக்கு விரிச்சு எடம் புடிச்சிடும். துணிக்கு அந்தப் பக்கமும் கூட்டம் உக்காரும், அங்க எல்லாமே இடது வலது மாறித் தெரியும், அதப் பத்தி யாரும் கவலப்பட்டதில்ல.

மத்த படம்னா ஆம்பளைங்க கள்ளுக்கடைல இருந்து பாதில வருவாங்க. சாமி படம்னா அன்னைக்கு கள்ளுக்கடை பக்கமே யாரும் போக மாட்டாங்க, குளிச்சு துண்ணூறு பூசிட்டு வருவாங்க, எங்க அப்பா அப்படித்தான் வந்தாரு. படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்ன தலைவரு துணிக்கு முன்னாடி சூடம் ஏத்தி தேங்கா ஒடச்சாரு. பரதன் பாதுகைய தலைல வச்சு தூக்கிட்டு வர்ற கட்டம் வந்துச்சு பாருங்க, திடல் முழுக்க ஒரே அழுகை, அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லாம இருந்தவன்லாம் அழுதான். சிவாஜிய பாத்துட்டு ராஜாஜியே பரதனக் கண்டேன்னு சொன்னாராம், அத நாங்க பின்னால பத்திரிகைல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டோம், ஆனா எங்க தோட்டத்து ஜனம் அத அன்னைக்கே கண்டுடுச்சு. டி கே பகவதி ராவணனா வருவாரு, கெட்டவன்னு தெரிஞ்சும் சங்கீத சௌபாக்கியமே பாட்டுக்கு தலையாட்டாத ஆளு கிடையாது. யஷ் பண்ற ராவணனுக்கும் அந்த கம்பீரம் இருக்கணும், சும்மா கத்துனா ராவணன் ஆயிட முடியாது. ராவணன் பெரிய சிவபக்தன், வீணை வாசிச்சவன், அத ட்ரெய்லர்ல ஒரு இடத்துலயாவது காட்டுனா படம் எடுத்தவங்களுக்கு கதை தெரியும்னு நான் நம்புவேன்.

லங்காப் அக்கா:

நான் சொல்றது அம்மன் படம். சௌந்தர்யா நடிச்சது, தெலுங்குல 1995ல வந்து நம்ம தமிழ்ல டப்பிங் ஆனது. அந்த டேப்ப எங்க தோட்டத்து டேவான்ல (மண்டபத்துல) போட்டாங்க, அப்ப வெளிய மழ, கரண்டு வேற போயிப் போயி வந்துச்சு, அம்மாவும் பெரியம்மாவும் மொதல் வரிசைல. கடைசில ரம்யா கிருஷ்ணன் அம்மனா உக்கிரமா வர்ற கட்டத்துல பெரியம்மாவுக்கு சாமி வந்துடுச்சு. டேப்ப நிப்பாட்டிட்டு மஞ்சத்தண்ணி ஊத்தி வேப்பிலை குடுத்து, பூசாரி வந்து என்ன வேணும் தாயேன்னு கேட்டாரு, கோவில் கூரை ஒழுகுதுன்னு கேக்குறீங்களா இல்லையான்னு ஒரு அதட்டு. அடுத்த சம்பளத்துல எல்லாரும் காசு போட்டு கூரைய மாத்திட்டாங்க. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு இது நம்ப முடியாத கதையா இருக்கலாம், நான் கண்ணால பாத்தது, எனக்கு அதுல சந்தேகமே கிடையாது.

அதனால சொல்றேன், சாமி படம் எடுக்குறவங்க அத பக்தியோட எடுக்கணும். கம்ப்யூட்டர் வேலை எவ்ளோ வேணா இருக்கட்டும், கண்ணுல அந்த கருணை இல்லன்னா ராமர் ஆக முடியாது.

சுங்கை சுமுன் பையன்:

அக்கா சொன்னது சரி. 2022 அக்டோபர்ல வந்துச்சே ஆதிபுருஷ்னு இன்னொரு ராமர் படத்தோட டீசர், கிராபிக்ஸ் பாத்துட்டு ஜனங்க கோவப்பட்டு, ஜனவரி ரிலீஸ ஜூன் 2023க்குத் தள்ளி வச்சாங்க, அப்பவும் வசனத்துக்கு திட்டு வாங்குனாங்க. அந்த பயம் எனக்கும் இருக்கு. ஆனா இதுல தயாரிப்பாளர் நமித் மல்ஹோத்ரா டிஎன்இஜிங்கிற கிராபிக்ஸ் கம்பெனியோட தலைவரு, டியூன் படத்துக்கு ஆஸ்கார் வாங்குன கம்பெனி, அதனால கிராபிக்ஸ் விசயத்துல நான் தைரியமா இருக்கேன். ஐமேக்ஸ்ல பாக்க கேஎல் (கோலாலம்பூர்) போவேன், தெலுக் இந்தான்ல அம்மாவோட இன்னொரு வாட்டி பாப்பேன்.

சித்தியவான் தங்கச்சி:

நாங்க கத்தோலிக்கக் குடும்பம், இருந்தாலும் உங்க பதிவெல்லாம் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. 2004ல மெல் கிப்சனோட இயேசு பாடுகள் படம் வந்தப்ப மலேசியால கிறிஸ்தவங்க மட்டும்தான் பாக்கலாம்னு அனுமதி, டிக்கெட் எல்லாம் சர்ச்சு வழியாத்தான். எங்க தோட்டத்து சின்ன சேப்பல்ல பேரு எழுதி வாங்கி, வேன் புடிச்சு போனோம். அரமாயிக், லத்தீன், எபிரேயம்னு பேச்சு, கீழ ஓடுற எழுத்து எங்க ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. சாட்டையடி கட்டத்துல ஆயா ஜெபமாலைய எடுத்து சத்தமாவே சொல்ல ஆரம்பிச்சிடுச்சு, பக்கத்துல இருந்தவங்க யாரும் உஷ்ஷுன்னு சொல்லல, கூட சேந்து சொன்னாங்க. ஒரு சீனர் ஆண்ட்டி ஆயா கைய புடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

அதோட அடுத்த பாகம், உயிர்ப்பு, ரெண்டு படமா 2027ல வரும், மொதல் படம் புனித வெள்ளிக்குன்னு 2025ல அறிவிச்சாங்க. ஆயா இப்ப இல்ல. அம்மாவக் கூட்டிட்டுப் போவேன். தம்பி, ஒங்க பாட்டிய கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க.

ஊத்தான் மெலிந்தாங் தம்பி:

எல்லாத்தயும் பாட்டிக்குப் படிச்சுக் காட்டிட்டேன். திடல்ல தேங்கா ஒடச்சத கேட்டுட்டு, எங்க தோட்டத்துலயும் அப்படித்தான்னு ஒரு மணி நேரம் கதை சொல்லுச்சு. சித்தியவான் தங்கச்சி ஆயாவுக்காக மாரியம்மன் முன்னாடி ஒரு விளக்கு ஏத்திடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க, அதுக்குத் தெரிஞ்ச வழி அது.

இப்ப என் திட்டம் இதுதான். தீபாவளி அன்னைக்கு வேணாம், பெருசுங்க வீட்டுல விருந்தாளிங்க வருவாங்க. அடுத்த நாள் மத்தியான ஷோ. ஸ்கூல் பஸ் ஓட்டுறவருகிட்ட பேசிட்டேன், எண்ணெய்க் காசு மட்டும் போதும்னுட்டாரு. தெலுக் இந்தான் தியேட்டர்ல தமிழ்ப் பதிப்பு போடுவாங்களான்னு மட்டும் இப்பவே கேக்கணும், ஹிந்தில மட்டும் வந்தா எழுத்து தெரியாத பெருசுங்க பாதிக்கு மேல கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பாட்டி மட்டும் எந்த பாசையா இருந்தாலும் சரிங்குது. லங்காப், சுங்கை சுமுன் பக்கம் உள்ளவங்க பெருசுங்கள கூட்டிட்டு வர்றதா இருந்தா சொல்லுங்க, ஒரே ஷோவுக்கு சேந்து டிக்கெட் எடுப்போம், கூட்டமா போயி கேட்டாத்தான் தமிழ்ல போடுவாங்க.

லங்காப் அக்கா:

எங்க வீட்டுல அம்மா, பெரியம்மா, ரெண்டு பேரு. பெரியம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, கீழ் வரிசைல ஓரமா எடம் கேளுங்க தம்பி. ஏர்கான் குளுருக்கு எல்லாருக்கும் சால்வை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. துண்ணூறும் கொஞ்சம் மஞ்சத்தண்ணியும் நான் கொண்டாந்துடுறேன்.