ஏர் பிளான்ட் தாங்கி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது

ஏர் பிளான்ட் எனப்படும், மண்ணில்லாமல் வளரும் டில்லான்சியாவுக்குத் தாங்கி எடுக்கும்போது அழகை அப்புறம் பார்க்கலாம். நனைத்து வைத்த செடியின் அடி நாலு மணி நேரத்துக்குள் காயுமா? அதுதான் கேள்வி. இந்தச் செடிக்கு வேர் பிடிமானத்துக்கு மட்டும். தண்ணீரை உறிஞ்சுவது இலைமேல் உள்ள வெண்செதில்கள். இலையிடுக்கில் நீர் தேங்கினால் நடுவிலிருந்து அழுகும். வெளி இலைகள் பச்சையாகவே இருக்கும், தொட்டதும் நடுக்குருத்து கையோடு வந்துவிடும். அதற்குமேல் அந்தச் செடி பிழைப்பது அரிது.

அதனால் வாய் குறுகிய கண்ணாடி உருண்டையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் செடியை வெளியே எடுத்து 20 நிமிடம் ஊறவைத்து, தலைகீழாக உதறி, காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள். அடியில் பாசி வேண்டாம், கூழாங்கல் போதும். நேர் வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம், கண்ணாடிக்குள் செடி வெந்துவிடும்.

* * *

மேலே கண்ணாடி பற்றிச் சொன்னது சரி. கம்பியிலும் கவனம் தேவை. செம்பு இந்தக் குடும்பச் செடிகளுக்கு நஞ்சு, ஈரம் பட்டால் இலைக்குள் இறங்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியையும் தவிர்க்கவும். 2 மி.மீ. அலுமினியக் கம்பி கையாலேயே வளையும். அயனாந்தா போன்ற சின்ன ரகத்துக்கு 2.5 செ.மீ. அகலத்தில் மூன்று சுற்று, மேலே கொஞ்சம் விரிந்தபடி. செடி தளர்வாக உட்கார வேண்டும். பல்போசா ரகத்தின் அடி குடம் மாதிரி உப்பி நீரைப் பிடித்துக்கொள்ளும், அதைச் சாய்த்தோ தலைகீழாகவோ தொங்கவிடுங்கள். செரோகிராஃபிகா ரகம் இரண்டடி வரை விரியும், அதற்கு அகன்ற வாய்ப் பூச்சாடியின் விளிம்பே போதும்.

* * *

மரத்தில் வைப்பவர்களுக்கு: கடலோரம் ஒதுங்கிய கட்டையென்றால் ஒரு வாரம் நல்ல தண்ணீரில் போட்டு, தினமும் நீரை மாற்றி உப்பை எடுக்கவும். கரையானுக்காக மருந்து ஏற்றிய பலகை வேண்டவே வேண்டாம், பலவற்றில் செம்பு உப்பு இருக்கும். கார்க் பட்டை நல்லது, ஈரத்தில் சீக்கிரம் மக்காது.

பசையால் ஒட்டுவதைவிடத் தூண்டில் நரம்பால் கட்டுவதே மேல். பூத்து முடிந்ததும் தாய்ச்செடி அடியில் குட்டி விடும். குட்டி தாயில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்ததும் பிரிக்கலாம். நரம்பென்றால் அறுத்துவிட்டுத் திரும்பக் கட்டலாம். ஒட்டியதைப் பெயர்த்தால் அடி இலைகளும் சேர்ந்து கிழியும்.