பினாங்கில் கப்பல் மாலை மட்டும்தான் நிற்கும்: அத்தையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம்?

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:

வணக்கம். நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டை. வீட்டோடு கொலுசுப் பட்டறை, அதனால் சேர்ந்தாற்போல் நாலு நாள் ஊரை விட்டுக் கிளம்புவதே அபூர்வம். இந்த மே லீவில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலில் ஒரு சுற்றுப் போகிறோம். வழியில் மலேசியாவின் பினாங்கு. மாலை 5 மணிக்குக் கரை சேர்ந்து இரவு 11 மணிக்குக் கிளம்பும் என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள்.

அத்தைக்கு முழங்கால் வலி, அதோடு சுத்த சைவம். பெரியவன் எட்டாவது முடித்திருக்கிறான், சின்னவள் மூன்றாவது. கப்பலிலேயே பினாங்கு மலைக்கு டூர் இருக்கிறது. தலைக்கு அவர்கள் கேட்கிற பணத்தைச் சேர்த்தால் ஐந்து பேரும் ராமேஸ்வரம் போய் வந்துவிடலாம். வீட்டுக்காரர், “அவ்வளவு தூரம் போய் மலையைப் பார்க்காமல் வருவதா” என்கிறார். பெரியவனுக்குச் சுவரில் வரைந்த படங்களைப் பார்க்க வேண்டுமாம். அத்தை கேட்டது ஒன்றுதான்: “அங்க கோயில் இருக்குதா?”

ஆறு மணி நேரத்தில் எதெல்லாம் முடியும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி கப்பல்காரர்:

தங்கச்சி, முதலில் ஒன்று. உங்களிடம் ஆறு மணி நேரம் இல்லை.

நான் பயணிகள் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவன், இப்போது சேலத்திலேயே இருக்கிறேன். 5 மணி என்பது கப்பல் வந்து கயிறு கட்டுகிற நேரம். அதற்கப்புறம் துறைமுக அனுமதி வர வேண்டும், படி இறக்க வேண்டும், டூர் வாங்கியவர்களை முதலில் விடுவார்கள். நீங்கள் தரையில் கால் வைக்க 6 மணி ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்குக் கிளம்பும் கப்பல் என்றால் 10 அல்லது 10.30-க்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். அந்தக் கடைசி நேரம் முந்தின இரவு அறைக்கு வரும் தாளில் அச்சாகியிருக்கும், இல்லாவிட்டால் கப்பலின் ஆப்பில் இருக்கும். துறைமுக ஏஜென்டின் எண்ணையும் வழக்கமாக அதிலேயே போடுவார்கள். இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஆக, கையில் நிற்பது நாலு மணி நேரம்.

கப்பல் டூரில் போனால் ஒரு வசதி உண்டு. அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. மேல்தளத்தில் ஆட்கள் வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருப்பார்கள், கீழே ஒரு குடும்பம் கையில் பைகளோடும் ஒரு கால் செருப்போடும் ஓடி வரும். வேலையில் இருந்தபோது இந்தக் கூத்தை நன்றாகப் பார்த்திருக்கிறேன். படியை எடுத்துவிட்டால் அப்புறம் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஆனால் பினாங்கில் இந்தப் பயமே தேவைப்படாத மாதிரி ஒரு மாலையைப் போட முடியும். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஊருக்கு வெளியே இல்லை, ஜார்ஜ் டவுன் பழைய நகரத்தின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்தவுடன் வெள்ளை மணிக்கூண்டு தெரியும். விக்டோரியா மகாராணி ஆண்ட 60 வருஷத்துக்கு அடையாளமாக 60 அடி உயரத்தில் கட்டியது. பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை, 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனை. அதை வெளியிலிருந்தே பார்த்தால் போதும், டிக்கெட் வாங்கி உள்ளே போய் நேரத்தை விடாதீர்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே பெரியவனின் ஆசையை முடித்துவிடுங்கள். மே மாதம் அங்கே சூரியன் மறைய ஏழேகால் தாண்டும். ஆர்மீனியன் தெருவில் தம்பியும் அக்காவும் சைக்கிளில் போகும் படம் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் சுவரில் வரைந்த ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜம், சுவரோடு பொருத்தியிருக்கிறார்கள். 2012-இல் ஒரு லிதுவேனியா ஓவியர் செய்தது. படம் எடுக்கக் கூட்டம் நிற்கும். அத்தையை அதுவரை நடக்க வைக்காதீர்கள், டிரைஷா பிடியுங்கள். அந்த ஊர் ரிக்‌ஷாவில் நாம் முன்னால் உட்கார வேண்டும், ஓட்டுகிறவர் பின்னால் இருந்து மிதிப்பார். எதிரே வரும் காரெல்லாம் நேராக நம் மடிமேல் வருகிற மாதிரி இருக்கும், சின்னவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஏறுவதற்கு முன்னாலேயே எவ்வளவு, ஆளுக்கா வண்டிக்கா என்று பேசிவிடுங்கள்.

அங்கிருந்து நம் ஆட்களின் கடைகள் இருக்கும் லிட்டில் இந்தியா பக்கம்தான். குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில், 1833-இல் கட்டியது. மாலையில் நடை திறந்திருக்கும். நம் கோட்டை மாரியம்மனைப் பார்த்து வளர்ந்த அத்தைக்கு அந்தக் கோபுரம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் கடல் தாண்டிப் போய் மூட்டை தூக்கியவர்கள் கும்பிட்ட அம்மன் என்று சொல்லுங்கள், அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுவார். பக்கத்துத் தெருவிலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதே வரிசையில் சீனர்களின் குவான் யின் கோயில். மூன்றையும் பார்த்துவிட்டுத் துறைக்கு நடந்தால் கால் மணி நேரம். அத்தை வேகத்தில் அரை மணி.

தூரமான இடத்தை முதலில், கப்பலுக்குப் பக்கமானதைக் கடைசியில். நான் சொன்ன வரிசை அதற்காகத்தான்.

ஏற்காட்டு மிளகு:

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், பினாங்கு மலை 800 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நம் ஏற்காடு 1,500. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்த மலையை எதற்குக் காசு கொடுத்துக் காட்ட வேண்டும்?

சும்மா சொன்னேன். அந்த இழுவை ரயில் நிஜமாகவே நன்றாக இருக்கும், 1923-லிருந்து ஓடுகிறது. பிரச்சினை ரயில் இல்லை. அடிவார ஸ்டேஷன் ஆயர் ஈத்தாம் என்ற பகுதியில் இருக்கிறது, துறையிலிருந்து அங்கே போக ஆபீஸ் விடும் நேரத்து நெரிசலைத் தாண்டணும். அப்புறம் ஏற வரிசை, இறங்க வரிசை. காலையில் வந்து நிற்கும் கப்பல் என்றால் நானே போகச் சொல்வேன். மாலைக் கப்பலுக்கு வேண்டாம்.

தட்டுவடை செட்:

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசக் காணோம், அதனால் வந்தேன்.

அக்கா, அத்தைக்கு லிட்டில் இந்தியாவை விட்டு வெளியே எதுவும் வாங்கித் தராதீர்கள். அங்கே சம்பல் என்று ஒரு காரச் சட்னி வைப்பார்கள், பார்க்க நம் தக்காளிச் சட்னி மாதிரியே இருக்கும், பெரும்பாலும் உலர்ந்த இறால் விழுது சேர்த்திருப்பார்கள். காய்கறி மட்டும் போட்டது என்று கடைக்காரர் சொன்னாலும் அதில் அது இருக்கலாம், அவர் கணக்கில் அது அசைவமே இல்லை. லிட்டில் இந்தியாவில் சைவக் கடைகள் இருக்கின்றன, தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம். அத்தைக்கு இட்லி, தோசை. நீங்கள் அதைச் சாப்பிடாதீர்கள், அதற்கு சேலமே போதும். ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) சாப்பிடுங்கள். இரண்டு குவளையைத் தூக்கி மாற்றி மாற்றி ஊற்றுவதைப் பார்த்து சின்னவள் இன்னொரு டீ கேட்பாள்.

செண்டோல் கண்டிப்பாக. தேங்காய்ப்பால், பனைவெல்லம், துருவிய ஐஸ், பச்சையாக நூல் நூலாக அரிசி மாவு, கொஞ்சம் ராஜ்மா. அத்தையும் தைரியமாகச் சாப்பிடலாம். அந்த வெயிலுக்கு அது இறங்கினால்தான் உயிர் வரும்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மலை டூர் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஏற்காட்டுக் கணக்கைக் கேட்டு வீட்டுக்காரரே சிரித்துவிட்டார். ஆனால் அவர் இப்போது வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பினாங்கில் வெள்ளித் தேர் இருக்கிறதாமே, அதைப் பார்க்க முடியுமா? தொழில் புத்தி போகாது.

இன்னொன்று, அத்தைக்குக் கப்பலில் இருந்து தயிர் சாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

அஸ்தம்பட்டி கப்பல்காரர்:

தேர் இருக்கிறது தங்கச்சி. நகரத்தார் தேர், 1894-லிருந்து ஓடுகிறது. ஆனால் அது வீதிக்கு வருவது தைப்பூசத்துக்கு. மே மாதம் அதை நம்பிப் போக வேண்டாம். அதற்குப் பதில் லிட்டில் இந்தியாவில் நகைக்கடைக் கண்ணாடி முன்னால் அவரைக் கால் மணி நேரம் நிறுத்துங்கள், போதும்.

தயிர் சாதம் வேண்டாம். கப்பல் சாப்பாட்டைக் கரைக்கு எடுத்துப் போக விடமாட்டார்கள், பழம்கூட படியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் பரவாயில்லை. அத்தையை இறங்குவதற்கு முன்னால், 4.30 வாக்கில், கப்பலிலேயே கொஞ்சம் சாப்பிட வையுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் முந்தின நாளே வரவேற்பு மேஜையில் சொல்லுங்கள், படி இறங்க ஆளும் தருவார்கள்.

நேரத்தில் குழப்பம் வராது, சிங்கப்பூரும் பினாங்கும் ஒரே நேரம், நம்மைவிட இரண்டரை மணி முன்னால். பட்டறையில் இருந்து போன் வந்தால் அவர்கள் மணியைக் கேட்டு ஏமாறாதீர்கள், அவ்வளவுதான். நடுக்கடலில் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடச் சொல்லுங்கள். கப்பலின் சொந்த டவரில் அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டால் பில் எகிறிவிடும்.

அப்புறம், சிங்கப்பூரில் இருந்து கிளம்பி சிங்கப்பூருக்கே திரும்புகிறீர்கள். விசாவில் ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதி இருக்கிறதா என்று டிக்கெட் போட்டவரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.