உதவிப் பக்கங்களுக்குத் தலைப்பு வைப்பது எப்படி? ஆறு பக்கத்துக்கு "அறிமுகம்" என்றே இருக்கிறது

கேட்டவர்:
எங்கள் மென்பொருளுக்கான உதவிப் பக்கங்களை நான் ஒருவன்தான் எழுதுகிறேன். மொத்தம் 120 பக்கம். அதில் ஆறுக்கு "அறிமுகம்" என்றே தலைப்பு, ஐந்துக்கு "அமைப்புகள்". தளத்தின் பக்கப்பட்டியில் பார்த்தால் எது எதன் கீழ் வருகிறது என்று புரிந்துவிடும். கூகுளில் தேடினால் வெறும் "அறிமுகம்" என்று வந்து நிற்கிறது. எதற்கு அறிமுகம் என்று எழுதிய எனக்கே தெரியவில்லை! எல்லாத் தலைப்புக்கும் முன்னால் மென்பொருளின் பெயரைச் சேர்த்துவிடலாமா? 60 எழுத்தைத் தாண்டக்கூடாதாமே?

பதில் 1:
பெயர் கடைசியில் வரட்டும். இடம் போதாவிட்டால் வெட்டுப்படுவது வால்தான். 60 என்று கூகுள் விதி எதுவும் வைக்கவில்லை, திரையின் அகலத்தைப் பார்த்துத்தான் வெட்டுகிறது. தவிர, தமிழில் எழுத்தை எண்ணுவதே வம்பு. "கொ" நமக்கு ஒன்று, கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடுக்கு இரண்டு.

பதில் 2:
நானும் இதில் மாட்டியவன். "அங்கீகார மேலாண்மை" என்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். உள்ளே இருந்ததோ கடவுச்சொல் மறந்தால் என்ன செய்வது என்பது! எதைத் தேடி நம் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்தால், வந்தவர்கள் எல்லாம் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்றே தேடியிருந்தார்கள். "அங்கீகாரம்" எங்கள் அலுவலகக் கூட்டங்களைத் தாண்டாத சொல். தலைப்பை "கடவுச்சொல் மறந்துவிட்டால் மாற்றுவது எப்படி" என்று மாற்றினேன்.

பிழைச்செய்தியை விளக்கும் பக்கமா? அந்தச் செய்தியையே தலைப்பில் போடுங்கள், அழகுபடுத்த வேண்டாம். திணறுகிறவர் அதைத்தான் நகலெடுத்து ஒட்டித் தேடுவார். பக்கப்பட்டி நீண்டுவிடுமே என்று கவலை வேண்டாம். டாகுசாரஸ் போன்ற, உதவித் தளம் உருவாக்கும் கருவிகளில் அதற்கு மட்டும் குட்டிப் பெயர் தனியாகக் கொடுக்கலாம்.

கேட்டவர்:
டைட்டில் டேகை (பக்கத்தின் நிரலில் தேடுபொறிக்கும் உலாவிக்கும் என்று கொடுக்கும் தலைப்பை) மட்டும் மாற்றிவிட்டு, பக்கத்துக்குள் "அறிமுகம்" என்றே விட்டால்?

பதில் 2:
வேண்டாம். டைட்டில் டேகைத்தான் கூகுள் பெரும்பாலும் எடுக்கும். ஆனால் அது பொருந்தவில்லை என்று நினைத்தால் பக்கத்தின் பெரிய தலைப்பையோ, பிறர் இணைப்பு கொடுத்த சொற்களையோ எடுத்துக் காட்டும். 2021 ஆகஸ்டில் அவர்களே இதை விளக்கி எழுதினார்கள். இரண்டிலும் ஒரே விஷயம் இருக்கட்டும்.

அப்புறம், ஆர்வக்கோளாறில் பக்கத்தின் இணைய முகவரியையும் மாற்றிவிடாதீர்கள். நான் மாற்றினேன், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் 301 போட மறந்தேன். பழைய இணைப்பு வழியாக வந்தவர்களுக்கெல்லாம் "பக்கம் இல்லை" என்ற 404.

கேட்டவர்:
சரி, முகவரியைத் தொடவில்லை. இன்று அந்த ஆறு "அறிமுகம்" மட்டும். ஒன்றைத் திறந்து பார்த்தேன், பாதிப் பக்கம் நிறுவும் முறை. இத்தனை நாள் அதைத் தேடியவர்கள் எங்கே போய் முட்டினார்களோ!