கேலரியில் கெட்ட வார்த்தை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெரம்பூர் அப்பா

மைதானத்துக்குப் போய் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வாய்க்கு வந்தபடி கெட்ட வார்த்தையில் கத்தும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

என் மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளி அணியில் கோல்கீப்பர். அவளை அழைத்துக்கொண்டு நேரு மைதானத்துக்கு அடிக்கடி போவேன். சமீபத்தில் போன மேட்சில் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார். நம் பக்கம் போட்ட கோல் ஆஃப்சைடு என்று போய்விட்டது. எங்களுக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி லைன்ஸ்மேனின் அம்மாவை இழுத்துக் கத்தினார். ஒருத்தர் குரலாகவே இருந்திருந்தால் அது காற்றோடு போயிருக்கும். அப்புறம் நாலு பேர் சேர்ந்தார்கள், கைத்தட்டல் சேர்ந்தது, கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுக்க அதே வார்த்தை தாளத்தோடு ஓடியது. மகள் மேட்சை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரணி கீப்பர் ஒரு கார்னருக்குக் கூட்டத்துக்கு மேலே எழும்பிப் பந்தை இரண்டு கையாலும் குத்தி வெளியேற்றினார். இவள் மைதானத்துக்கு வருவதே அந்த மாதிரி ஒரு நொடியைப் பார்க்கத்தான். பார்க்கவேயில்லை.

நான் எழுந்து போய், "ஆஃப்சைடே இல்லைன்னு கத்துங்க தம்பி, நானும் சேர்ந்து கத்துறேன். அவங்க அம்மாவை விட்டுடுங்க" என்றேன். "சாரிண்ணா" என்று உட்கார்ந்தார். இரண்டாவது பாதியில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

மேட்ச் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பவர்கள் இந்திய அணியின் கேப்டனாக இருந்த சுனில் சேத்ரியைத் துணைக்கு இழுக்கிறார்கள். 2018 ஜூனில் மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று ஜெயித்தபோது கேலரியில் ஆளே இல்லை. இணையத்தில் உட்கார்ந்து திட்டாதீர்கள், மைதானத்துக்கு வாருங்கள், எங்கள் முகத்துக்கு நேரே கத்துங்கள், திட்டுங்கள் என்று அவர் வீடியோவில் கெஞ்சிக் கேட்டார். அடுத்த கென்யா மேட்சுக்கு அரங்கம் நிறைந்தது. அவர் திட்டச் சொன்னது தங்கள் ஆட்டத்தை. லைன்ஸ்மேனைப் பெற்றவர் அந்தக் கணக்கில் எங்கே வந்தார்?

சரி, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். இதற்காக மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

குமரிக் கரை

அண்ணே, எங்கள் பக்கம் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை ஊருக்கு ஒரு கோயில், ஊருக்கு ஒரு ஃபுட்பால் டீம். ஐஎஸ்எல் எனும் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான். திருவிழாவை ஒட்டி டூர்னமென்ட் நடக்கும். கேலரி எல்லாம் கிடையாது. கோட்டை ஒட்டிக் கயிறு கட்டியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஊரே நிற்கும். வாயில் வராத வார்த்தை இல்லை. பெரியவர்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

ஒரு செமிஃபைனல் மட்டும் மறக்க முடியாது. பெனால்டி ஷூட்அவுட் வரை போய்விட்டது. ஒரு டீமின் கோலி, அதாவது கோல்கீப்பர், சின்னப் பையன். அவன் அப்பா ஒக்கிப் புயலில் கடலோடு போனவர். 2017 நவம்பர் 30 எங்கள் ஊர்களை என்ன செய்தது என்று நான் சொல்லத் தேவையில்லை, உடல் கூடக் கிடைக்காத வீடுகள் எத்தனையோ. எதிர் டீமின் கேப்டன் கடைசி கிக் அடிக்க வருகிறார். அவர்கள் ஊர்க்காரன் ஒருவன் கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கோலியைப் பார்த்து, "உங்கப்பன் போன இடத்துக்கே பந்தும் போகுது பாருல" என்று கத்தினான். கூடவே ஒரு கெட்ட வார்த்தை.

கேப்டன் பந்தைப் புள்ளியில் வைத்தார். அடிக்கப் பின்னால் போவார் என்று பார்த்தால் நேராகக் கயிற்றுக்கு வந்துவிட்டார். கத்தியவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, "நீ வெளிய போனாத்தான் நான் அடிப்பேன்" என்றார். ரெஃப்ரி விசில் அடிக்கிறார், இவர் அசையவில்லை. மைக்கில் கமென்ட்ரி சொல்லிக்கொண்டிருந்தவரும் பேச்சை நிறுத்திவிட்டார். கடைசியில் அவனுடைய சொந்த மாமாதான் தோளைப் பிடித்துக் கூட்டத்துக்கு வெளியே கொண்டுபோனார். அப்புறம் போய் அடித்தார், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போய்விட்டது. அவர்கள் ஊர் தோற்றது. ஆனால் அவரை ஊரில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, அடுத்த வருஷமும் அவர்தான் கேப்டன்.

அதற்கப்புறம் எங்கள் கமிட்டி ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. மேட்சுக்கு முன்னால் இரண்டு கேப்டன்களையும் மைக் பக்கத்தில் நிறுத்தி, "உங்க ஊர்க்காரங்க வாய் உங்க பொறுப்பு" என்று ஊர் கேட்கச் சொல்லிவிடுவார்கள். எல்லை மீறினால் ஆட்டத்தை நிறுத்திக் கேப்டனைத்தான் கயிற்றுக்கு அனுப்புவார்கள். போலீஸ் வந்து சொன்னால் எங்கள் ஆட்கள் கூட ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவார்கள். தங்கள் ஊர்ப் பையன் வியர்வையோடு வந்து நின்று சொன்னால் கேட்காமல் இருக்க முடியாது.

கொடி பிடிப்பவள்

நான் மாவட்ட லீக்கில் உதவி நடுவராக இருக்கிறேன். நீங்கள் லைன்ஸ்மேன் என்று சொல்லும் அந்த இடம்தான். திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா நடுவரானதைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவள்.

கோட்டில் ஓடுகிறவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே சிறிய மைதானங்களில் ஒரு கை தூரம்கூட இருக்காது. எங்கள் கண் முழு நேரமும் கடைசித் தடுப்பாட்டக்காரர்களின் வரிசையில் இருக்க வேண்டும். அதனால் கூட்டத்துக்கு எப்போதும் முதுகைக் காட்டித்தான் ஓடுவோம். திரும்பிப் பார்த்தால் அந்த நொடியில் ஒரு ஆஃப்சைடு தவறிவிடும். யார் சொன்னார் என்று முகம் தெரியாது, குரல் மட்டும் கூடவே ஓடிவரும். ஆண் நடுவருக்கு அவர் வீட்டுப் பெண்களைச் சொல்லித் திட்டு விழும். எனக்கு என் உடம்பைச் சொல்லி விழும். நடு நடுவே என் முடிவு சரியா தப்பா என்று யாராவது கத்தினால் உண்மையில் எனக்கு நிம்மதியாக இருக்கும், ஆட்டத்தைப் பார்க்கிற ஒருத்தராவது இருக்கிறார் என்று.

விதி என்ன சொல்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர் இழிவான வார்த்தை பேசினால் 12ஆம் விதிப்படி சிவப்பு அட்டை. பார்வையாளருக்குக் காட்ட எங்களிடம் அட்டை இல்லை. ஆனால் வெளித் தொந்தரவு என்றால் ஆட்டத்தை நிறுத்தி வைக்கவும் கைவிடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. இனத்தையோ நிறத்தையோ பாலினத்தையோ சொல்லி இழிவுபடுத்தினால் ஃபிஃபா மூன்று படிகள் வைத்திருக்கிறது. முதலில் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரிக்கை. அடங்காவிட்டால் அணிகளை உள்ளே அனுப்பிக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பது. அதற்கும் அடங்காவிட்டால் மேட்சே ரத்து. 2023 ஜூனில் லாஸ் வேகஸில் அமெரிக்கா மெக்சிகோ ஆட்டத்தில் ரசிகர்கள் ஓரினச்சேர்க்கையாளரை இழிவுபடுத்தும் கோஷத்தை விடாமல் போட்டதால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தார், கடைசியில் நேரம் முடிவதற்கு முன்பே முடித்துவிட்டார்.

மாவட்ட மேட்சில் இவ்வளவும் செய்ய ஒலிபெருக்கியே இருக்காது. நாங்கள் செய்வது குமரி நண்பர் சொன்ன அதே வேலைதான். ஆட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்து உள்ளூர் அணியின் கேப்டனைக் கூப்பிட்டுச் சொல்கிறோம். பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஈஸ்ட்ஹாம் தமிழன்

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் கால்பந்துக் குற்றச் சட்டப்படி மைதானத்தில் ஆபாச கோஷமும் இனவெறிக் கோஷமும் குற்றம். ஆரம்பத்தில் ஒருவருக்கு மேல் சேர்ந்து போட்டால்தான் கோஷம் என்று எழுதியிருந்தார்கள். தனியாகக் கத்தியவர்கள் தப்பிவிட்டார்கள். 1999இல் திருத்தி, ஒற்றை ஆள் திரும்பத் திரும்பக் கத்தினாலும் குற்றம் என்றார்கள். மைதானத் தடை உத்தரவு வாங்கினால் குறைந்தது 3 வருஷம் மேட்ச் பக்கமே தலைவைக்க முடியாது.

இப்படிச் சொன்னால் இங்கே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணக் கெட்ட வார்த்தை எல்லா ஸ்டாண்டிலும் ஓடும், குடும்ப ஸ்டாண்டைத் தவிர யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நிறத்தைச் சொன்னால்தான் கதை மாறும். நான் போகிற சின்ன கிளப்பில் ஒருமுறை பின்னால் இருந்தவர் எங்கள் அணியிலேயே ஆடுகிற கறுப்பின விங்கரைப் பந்தைத் தவறவிட்டதற்காக அவர் நிறத்தைச் சொல்லித் திட்டினார். என் பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரர் ஒன்றுமே பேசவில்லை. ஃபோனை எடுத்து கிளப் கொடுத்திருக்கிற எண்ணுக்கு வரிசை எண், இருக்கை எண்ணைத் தட்டி அனுப்பினார். சிறிது நேரத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஸ்டூவர்ட், அதாவது மைதானக் காவல் ஊழியர், இரண்டு பேர் வந்து ஆளை எழுப்பிக் கொண்டுபோனார்கள். சத்தமில்லை, சண்டையில்லை. அந்த சீசன் முழுக்க அந்த இருக்கையில் அவரைப் பார்க்கவில்லை.

நம் ஊர் மைதானங்களில் டிக்கெட்டில் அப்படி ஒரு எண்ணை அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? குழந்தையோடு வருகிறவர் எழுந்து போய்ப் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

பறை அடிக்கிறவன்

பெரம்பூர் அண்ணா, நான் நீங்கள் சொன்ன அதே மைதானத்தில் ரசிகர் கூட்டத்தில் பறை அடிக்கிறேன். எந்தக் கூட்டம் என்று வேண்டாம்.

கேலரியில் கோஷம் எப்படிப் பரவுகிறது என்று உள்ளேயிருந்து சொல்கிறேன். எவனோ ஒருத்தன் ஆரம்பிப்பான். அதைத் தூக்கிக்கொண்டு போவது அடிதான். அடி இல்லாவிட்டால் ரெண்டு சுற்றில் ஆளுக்கு ஒரு வேகத்தில் கத்தி, குழம்பி, தானாக உடைந்துவிடும். அதனால் எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். கெட்ட வார்த்தைக் கோஷம் வந்தால் எல்லாக் குச்சியும் கீழே. நான் பறையைத் தோளிலிருந்து இறக்கி, கவிழ்த்து, காலடியில் வைத்துவிடுவேன். எடுக்கச் சொல்லிக் கத்துவார்கள். அது அடங்கியதும் உடனே வேறு பாட்டை வேகமான அடியோடு எடுக்க வேண்டும், இதில் தாமதம் கூடாது. சும்மா விட்ட இடைவெளியில் பழையதே திரும்ப வந்துவிடும்.

எனக்கு அம்மா அக்கா வார்த்தையைவிடக் கோபம் வருவது இன்னொன்றுக்கு. ஆப்பிரிக்க வீரர் பந்தைத் தொடும்போதெல்லாம் குரங்குச் சத்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாநில டீம் வந்தால் அவர்கள் மொழியை, ஊரை, சாப்பாட்டைச் சொல்லி ஒரு பாட்டு. பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. இந்தக் கருவியை அடித்த எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் வாங்காத வசவா? பிறப்பைச் சொல்லி ஒருத்தனைத் திட்டுவதற்கு இது தாளம் போடாது. இதைக் கூட்டத்தில் நேருக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்கள், போகட்டும்.

இப்போது பெரிய தலைவலி ரீல்ஸ். மோசமான கோஷம் எதுவோ அதுதான் ஃபோனில் ஓடுகிறது, புதிதாக வருகிற பசங்க அதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, அந்தப் பாட்டு எப்பண்ணா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறார்கள்.

அண்டர் 13 கோச்

பெரியவர்கள் மேட்சை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் ஆட்டத்துக்கு வந்து பாருங்கள். எதிரணியில் ஆடுகிற பன்னிரண்டு வயதுப் பையனைப் பெற்றோர் திட்டுகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நான் கோட்டிலிருந்து நாலு மீட்டர் தள்ளிச் சுண்ணாம்பில் இன்னொரு கோடு போட்டு, பெற்றோர் எல்லோரையும் அதற்குப் பின்னால் நிற்க வைக்கிறேன். அந்தத் தூரத்திலிருந்து கத்தினால் ஊருக்கே கேட்கும் என்பதால் பாதிப் பேர் தானாக அடங்கிவிடுகிறார்கள். அடங்காதவரின் பிள்ளையை மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார வைக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். அப்பன் வாய்க்குப் பிள்ளையைத் தண்டிக்க நான் தயாராக இல்லை.

பெரம்பூர் அப்பா

எல்லோருக்கும் நன்றி. பறை தம்பி, நீங்கள் சொன்னதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். கொடி பிடிக்கிற அம்மாவிடம் ஒரு கேள்வி: ஈஸ்ட்ஹாம் நண்பர் சொன்ன அந்தப் புகார் எண் இங்கே வரும்வரை என்னைப் போன்றவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது? வாசலில் நிற்கும் பவுன்சரிடம் சொன்னால் "மேட்ச் சார்" என்று சிரிக்கிறார்.

கொடி பிடிப்பவள்

பெரிய போட்டிகளில் மேட்ச் கமிஷனர் என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். ஆட்டம் முடிந்ததும் அறிக்கை அனுப்புவது அவர் வேலை, கூட்டத்தின் நடத்தையும் அதில் எழுதப்படும். அறிக்கையில் ஏறினால்தான் கிளப்புக்கு அபராதம் வரும், அபராதம் வந்தால்தான் கிளப் தன் ரசிகர் கூட்டத்தைக் கூப்பிட்டுப் பேசும். நீங்கள் நேராக அவரிடம் போக முடியாது. இடைவேளையில் கிளப்பின் அடையாள அட்டை மாட்டியிருக்கும் யாரிடமாவது எந்த ஸ்டாண்டு, எந்த வரிசை, எத்தனையாவது நிமிடம், என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லி, கமிஷனருக்குத் தெரியப்படுத்தச் சொல்லுங்கள். மேட்ச் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சொன்னால் பயனில்லை. கூட வந்த இன்னும் இரண்டு குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள், ஒற்றை ஆள் சொன்னால் தட்டிக்கழிப்பார்கள். முடிந்தால் என்ன வார்த்தை என்பதை அப்படியே காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதக் கை கூசும், எனக்கும் முதல் அறிக்கையில் கூசியது. ஆனால் 'தகாத வார்த்தை' என்று பொதுவாக எழுதினால் அது அங்கேயே நின்றுவிடும்.