டிராக் மூக்கு வைத்த 1927 டி ரோட்ஸ்டர், சிக்னலில் நின்றாலே கொதிக்கிறது. உதவி தேவை

ரோட்ஸ்டர்27:
வணக்கம். நான் தெற்கு கலிபோர்னியாவில் இருக்கிறேன். போன ஆண்டு எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் ஒரு வண்டி வாங்கினேன். 1927 ஃபோர்டு மாடல் டி ரோட்ஸ்டர் (திறந்த இரண்டு சீட் கார்) பாடி, மாடல் ஏ சேஸிஸ், உள்ளே ஃபோர்டின் பழைய 59ஏபி ஃபிளாட்ஹெட் வி8 இன்ஜின், மேலே இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர். மட்கார்டு கிடையாது, கூரையும் கிடையாது. கிரில் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வளைத்த உருண்டை மூக்கு, அதாவது டிராக் மூக்கு. அடியில் பெல்லி பேன், அதாவது வண்டியின் அடிப்பக்கத்தை மூடும் தகடு. 1940களின் பிற்பாதியில் இந்தப் பக்கத்து மண் டிராக்குகளில் ஓடிய ரோட்ஸ்டர்களைப் பார்த்து அப்படியே கட்டியிருக்கிறார்.

அந்தக் காலத்து வண்டிகள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. டிராய் ரட்மன் இந்த மாதிரி ரோட்ஸ்டர் பந்தயங்களில் ஓட்டிப் பழகியவர். 1952இல் 22 வயதில் இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தை ஜெயித்தார். அதைப் படித்த நாளிலிருந்து இப்படி ஒரு வண்டிக்காகக் காத்திருந்தேன்.

பிரச்சினை இதுதான். 45–50 மைல் வேகத்தில் போனால் முள் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே நிற்கிறது. ஊருக்குள் வந்து மூன்று சிக்னலில் நின்றால் 215, 220. அப்புறம் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன், ஓரமாக நிறுத்தி நாற்பது நிமிடம் வெயிலில் உட்கார வேண்டியதாகிவிட்டது. இனி அந்த வண்டியில் வரமாட்டேன் என்கிறாள்.

ரேடியேட்டர் புதியது. மூடியும் இரண்டு தெர்மோஸ்டாட்டும் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) மாற்றிவிட்டேன். மூக்குக்குள்ளே, ரேடியேட்டருக்கு முன்னால், எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்று இருக்கிறது, ஓடவும் செய்கிறது. பிளாக்கில் கிராக் விழுந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

கோவைடீசல்:
ரெண்டு தெர்மோஸ்டாட்டையும் கழட்டிடுங்க நண்பா. எங்க ஊர்ல பழைய அம்பாசடருக்கு அப்படித்தான் பண்ணுவோம். அதுக்கும் கேக்கலைன்னா மூக்கோட வாயை இன்னும் ரெண்டு இன்ச் பெருசா வெட்டி விடுங்க. காத்து போகாம எப்படி ஆறும்?

பழையஇரும்பு:
தம்பி, மூக்கை வெட்டாதீங்க. தயவுசெஞ்சு கத்தரியை எடுக்காதீங்க. கையால அடிச்ச மூக்கு வண்டியோட முகம். 1950ல ஓக்லண்ட் ரோட்ஸ்டர் ஷோவில முதல் 'அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்' பரிசு வாங்கின பில் நீகாம்ப் வண்டி இருக்கே, 1929 மாடல் ஏ, அதுவும் இந்த மாதிரி மூக்கு வச்சதுதான். வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது.

தெர்மோஸ்டாட்டும் இருக்கட்டும். ஃபிளாட்ஹெட்ல ஒவ்வொரு பக்கத்து சிலிண்டர் வரிசைக்கும் ஒண்ணுன்னு ரெண்டு தண்ணி பம்ப். தடுப்பு இல்லாம ஓட விட்டா தண்ணியை மேல் டாங்க்ல கொண்டுபோய்க் குவிக்கும், அது ஓவர்ஃப்ளோ வழியா வெளிய போகும். தண்ணி குறைஞ்சா இன்னும் சூடாகும்.

இந்த இன்ஜின் ஏன் இவ்வளவு சூடாகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். வால்வு பிளாக்குள்ளயே இருக்கு. எரிஞ்ச புகை வெளிய வரணும்னா பிளாக்குக்குள்ள, தண்ணி ஜாக்கெட்டுக்கு நடுவுல வந்துதான் ஆகணும். அதுவும் ஒரு பக்கத்து நாலு சிலிண்டருக்கு மூணு வழிதான், நடுவுல ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே வழி. அந்தச் சூடு பூரா தண்ணிக்கு வந்துடும். அதனால ரேடியேட்டருக்கு எப்பவுமே வேலை அதிகம்.

இப்ப ரெண்டு விஷயம் சொல்லுங்க.

ஒண்ணு: காலையில இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. சூடாகறதுக்கு முன்னாடியே, முதல் நிமிஷத்துலயே, விடாம குமிழ் வந்தா ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது பிளாக்குல கிராக் இருக்கும். வரலேன்னா நிம்மதியா தூங்குங்க.

ரெண்டு: மூக்கைக் கழட்டிப் பாருங்க. ரேடியேட்டர் ஓரத்துக்கும் மூக்குத் தகட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி?

ரோட்ஸ்டர்27:
அண்ணா, குமிழ் இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், கண் கலங்கிவிட்டது.

இடைவெளி இரு பக்கமும் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம், மேலே மூன்று. கை தாராளமாக நுழைகிறது.

பழையஇரும்பு:
பிடிச்சாச்சு. டிராக்ல இந்த மூக்கு ஏன் வேலை செஞ்சதுன்னா, அந்த வண்டி நிக்கவே நிக்காது. நிறைய வண்டியில ஸ்டார்ட்டரே இருக்காது, பின்னால இருந்து தள்ளித்தான் கிளப்புவாங்க. கொடி விழுந்ததுல இருந்து கடைசி லேப் வரை காத்து முன்னாலேர்ந்து அழுத்திக்கிட்டே இருக்கும். உங்க வண்டி சிக்னல்ல நிக்குது. நின்னதும் ஃபேன் மட்டும்தான் துணை. ஃபேன் தள்ளுற காத்து ரேடியேட்டரோட நெருக்கமான ஃபின்னுக்குள்ள ஏன் போகணும்? பக்கத்துலயே ரெண்டு அங்குல வாசல் திறந்து கிடக்கு. அதைவிட மோசம், இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காத்து அதே வாசல் வழியா முன்னால வந்து, ஃபேன் அதையே திரும்ப இழுத்து ரேடியேட்டர் மேல அடிக்கும். சுட்ட காத்தையே சுத்திச் சுத்தி விட்டுக்கிட்டு இருக்கீங்க.

சோதிச்சுப் பாருங்க. ஊதுபத்திப் புகை வச்சா நல்லாத் தெரியும், ஆனா பெட்ரோல் கார்புரேட்டர் பக்கத்துல நெருப்பு வேண்டவே வேண்டாம். டிஷ்யூ பேப்பரை நாடாவா கிழிச்சு அந்த இடைவெளி ஓரத்துல ஒட்டுங்க. வண்டி நிக்கும்போது ஃபேனைப் போட்டா நாடா எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க.

ரோட்ஸ்டர்27:
முன்பக்கம்தான் பறக்கிறது! மூன்று நாடாவும்.

பெல்லிபேன்_ராஜு:
நானும் ஒரு விஷயம் சேர்த்துக்கறேன். உள்ளே போன காத்து வெளிய வர வழி இருக்கா? ஹூட் பக்கத்துல லூவர் (காத்து வெளிய போற பிளவு) வெட்டியிருக்கா? அடியில பெல்லி பேன் முழுசா மூடியிருந்தா சூடு தேங்கி நிற்கும். பெல்லி பேனோட முன் பாகத்தைத் தனியா கழட்ட முடிஞ்சா, வெயில் காலத்துக்குக் கழட்டி வச்சுடுங்க. எல் மிராஜ் உப்பளத்துல வேகம் பார்க்கத்தான் அது வேணும், காய்கறி வாங்கப் போறதுக்கு அது தேவையில்ல.

பழையஇரும்பு:
எல் மிராஜ் உப்பளம் இல்ல ராஜு, வறண்ட ஏரி, களிமண் தரை. உப்பளம்னா யூட்டாவுல இருக்கற பான்வில். மத்தபடி நீங்க சொன்னது சரி.

தம்பி, செய்ய வேண்டியது: மெல்லிய அலுமினியத் தகட்டுல ரேடியேட்டரைச் சுத்தி ஒரு சட்டம், ஓரத்துல ரப்பர் பீடிங், மூக்கோட உள்பக்கத்துல ஒட்டி உட்காரணும். விரல்கூட நுழையக் கூடாது. இடம் இருந்தா ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால மாத்தி, முழு ஷ்ரவுடு (ஃபேனைச் சுத்தின கூடு) போட்டு இழுக்க விடுங்க.

இன்னொண்ணு. ரெண்டு கார்புரேட்டர் மேனிஃபோல்டு போடறப்ப டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பற பாகம்) போற வேக்குவம் குழாயை அடைச்சுட்டாங்களான்னு பாருங்க. பழைய ஃபோர்டு டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒரு வேக்குவம் பிரேக் உண்டு. வேக்குவம் வந்தாத்தான் அது பிடியை விடும். குழாய் இல்லேன்னா ஸ்பிரிங் எப்பவும் அழுத்திப் பிடிச்சு தீப்பொறி விழற நேரத்தை (டைமிங்) தாமதமாக்கும். அதனால மட்டும் சிக்னல்ல கொதிக்காது, ஆனா டைமிங் பின்னால இருந்தா எக்ஸாஸ்ட் சூடு கூடும், அந்தச் சூடு எங்க போகும்னு மேலேயே சொல்லிட்டேன்.

ரோட்ஸ்டர்27:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வேக்குவம் குழாய் உண்மையிலேயே அடைக்கப்பட்டிருந்தது, இணைத்துவிட்டேன். ரேடியேட்டரைச் சுற்றிச் சட்டம் அடித்தேன். முதல் தகடு கோணலாக வந்தது, இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. ஃபேன் பின்னால் போய்விட்டது, மூன்றே அங்குலம்தான் இடம், ஆனால் போதுமானதாக இருந்தது. பெல்லி பேனின் முன் துண்டு கராஜ் சுவரில் தொங்குகிறது. மூக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

நேற்று 90 டிகிரி வெயில். வேண்டுமென்றே எல்லா சிக்னலும் சிவப்பாகிற தெருவில் போனேன். 195 தாண்டவில்லை. வீட்டு வாசலில் இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன்: 200.

ஒன்றுதான் பாக்கி. சூடாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால், நிறைய நேரம் சுற்றிவிட்டுத்தான் பிடிக்கிறது.

பழையஇரும்பு:
கார்புரேட்டர்ல பெட்ரோல் கொதிச்சு மேனிஃபோல்டுல வழியுது. ரெண்டு 97க்கும் அடியில தடிமனான இன்சுலேட்டர் கேஸ்கெட் வைங்க. பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட்லேர்ந்து தள்ளிக் கொண்டுபோங்க. கிளப்பும்போது ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சுப் பிடிங்க, பம்ப் பண்ணாதீங்க.

மகள் வந்தாளா?

ரோட்ஸ்டர்27:
வந்தாள் அண்ணா. திரும்பி வரும்போது அவள்தான் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.